வெளிநாட்டு ஒப்பந்தங்கள் எங்கள் நீதிமன்றத்துக்குள் எப்படி வருகின்றன?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதித் தீர்வைச் சலுகையை நிறுத்தினால் வேலைக்கு ஆபத்து என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். வெளிநாட்டோடு செய்த ஒப்பந்தம் எங்கள் நாட்டுச் சட்டத்தை எப்படி மாற்றுகிறது? அதே ஒப்பந்தத்தைக் காட்டி நாங்கள் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது. பாராளுமன்றம் அதை ஒரு சட்டமாக ஆக்கியிருந்தால், அந்தச் சட்டத்தின் பேரில் போடலாம். அதற்கும் எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், எத்தனை நாளுக்குள் என்ற கணக்குகள் உண்டு. அவற்றைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதல் கேள்விதான் பெரியது. அதை விளக்க நான் ஐ.நா. மனித உரிமைக் குழு இருக்கும் ஜெனீவாவுக்கோ ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகம் இருக்கும் பிரசல்ஸுக்கோ போகத் தேவையில்லை. இந்தத் துறையைப் படிப்பவர்கள் தவறவிட முடியாத இரண்டு வழக்குகள் மட்டக்களப்பு மண்ணிலிருந்து போனவை. ஒன்றை உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். அது நடந்த, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அந்த வழக்கைப் பற்றி அறிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் சற்று விரிவாக எழுத நினைத்தேன்.

அடிப்படையைப் பார்ப்போம். இலங்கையில் வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வது நிறைவேற்று அதிகாரத்தின் வேலை. ஜனாதிபதியோ அவர் சார்பில் அமைச்சரோ அதிகாரியோ கையெழுத்திடுவார். சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. முதலாவது நடந்ததால் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று ஆகாது. இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பேசி முடித்துக் கைநனைத்தாலும் கலியாணம் நடக்கும்வரை அது கலியாணம் இல்லைத்தானே, அதுபோலத்தான். பிரித்தானியரிடமிருந்து நாங்கள் பெற்றுக்கொண்ட முறை இது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27(15)ஆம் உறுப்புரை சர்வதேசச் சட்டத்தையும் ஒப்பந்தக் கடப்பாடுகளையும் மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டிக் கொள்கை மட்டுமே. அந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்கிறது.

வெளியுலகின் கணக்கு வேறு. "எங்கள் நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை" என்பதைச் சாட்டாகக் காட்டி ஒரு நாடு தன் ஒப்பந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்பது நாடுகளுக்கு இடையில் நிலைபெற்ற விதி. ஆகவே ஒரே ஒப்பந்தம் வெளியே அரசைக் கட்டுப்படுத்திக்கொண்டும் உள்ளே குடிமகனுக்கு எதையும் கொடுக்காமலும் பல வருடம் கிடக்கலாம். நீங்கள் கேட்ட பிரச்சினையின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியை அரசியலமைப்பே ஓரிடத்தில் அடைத்திருக்கிறது. 157ஆம் உறுப்புரையைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீடுகளைப் பாதுகாக்க இன்னொரு நாட்டு அரசோடு செய்த ஒப்பந்தத்தை, தேசிய பொருளாதார வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று பாராளுமன்றம் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் வாக்கால் தீர்மானித்தால், அந்த ஒப்பந்தம் நேரடியாகவே சட்ட வலுப் பெறும். தேசியப் பாதுகாப்பு நலனுக்காக அன்றி அதற்கு முரணாகச் சட்டம் இயற்றவோ நிர்வாக நடவடிக்கை எடுக்கவோ கூடாது. மனித உரிமை ஒப்பந்தங்களுக்கு, தொழிலாளர் உரிமை ஒப்பந்தங்களுக்கு, சுற்றாடல் ஒப்பந்தங்களுக்கு இப்படி ஓர் உறுப்புரை எங்கள் அரசியலமைப்பில் கிடையாது. முதலீட்டுக்கு மட்டும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்கு வாருங்கள்.

1987 ஜனவரி 28. படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்து மகிழடித்தீவில் ஓர் இறால் பண்ணை. ஹொங்கொங்கைச் சேர்ந்த ஒரு நிறுவனம் உள்ளூர்க் கம்பனி ஒன்றின் ஊடாக அதில் முதலிட்டிருந்தது. விசேட அதிரடிப் படையின் சுற்றிவளைப்பில் பண்ணை அழிந்தது. பண்ணையில் வேலை செய்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் அந்த நாளை இன்றும் நினைவுகூருகிறார்கள்.

ஹொங்கொங் அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்தது. பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைச் செய்திருந்தன. அந்த நிறுவனத்துக்கும் இலங்கை அரசுக்கும் இடையில் பிணக்கு வந்தால் நடுவர்களிடம் விடுவோம் என்ற தனியான நடுத்தீர்ப்பு உடன்பாடு எதுவும் இருக்கவில்லை. இருந்தும் அந்த நாட்டு ஒப்பந்தத்தை மட்டும் ஆதாரமாக வைத்து வொஷிங்டனில் உள்ள உலக வங்கியின் முதலீட்டுப் பிணக்குத் தீர்வு நிலையத்துக்கு இலங்கைக்கு எதிராக வழக்குக் கொண்டுபோனார்கள். நாட்டுக்கு நாடு செய்த ஒப்பந்தத்தின் பேரில் ஒரு முதலீட்டாளர் நேரடியாக அந்த நிலையத்தில் வழக்காடிய முதல் சம்பவம் அது. இன்று உலகில் நூற்றுக்கணக்கான வழக்குகள் அந்த வழியில் நடக்கின்றன. அந்த வழி முதலில் திறந்தது எங்கள் வாவிக்கரையில் அழிந்த ஒரு பண்ணையின் பேரில்.

1990 ஜூன் 27இல் தீர்ப்பு வந்தது. பண்ணையை அழித்தது அரச படைதான் என்று நிரூபிக்கப்பட்டதாக நடுவர்கள் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னார்கள். பண்ணைப் பணியாளர்களில் எவர்மீதும் சந்தேகம் இருந்தால் அவர்களை நீக்கத் தயார் என்று நிர்வாகம் முன்பே தெரிவித்திருந்தது. நிர்வாகத்தோடு பேசி அமைதியான முறையில் அவர்களை வெளியேற்ற வழி இருந்தும், அதைச் செய்யாமல் தாக்குதலில் இறங்கியது முதலீட்டுக்குப் பாதுகாப்புத் தரும் கடமையைத் தவறியதாகும் என்றார்கள். 4 இலட்சத்து 60 ஆயிரம் அமெரிக்க டொலர்களை வட்டியோடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. நடுவர்களில் ஒருவர் உடன்படாமல் தனியாக எழுதினார்.

பண்ணைக்கு நட்டஈடு கிடைத்தது. அங்கே வேலை செய்து செத்துப்போனவர்களின் குடும்பங்கள் அந்த நிலையத்தின் படி ஏற முடியாது. அவர்கள் முதலீட்டாளர்கள் இல்லை, வெளிநாட்டவரும் இல்லை. ஒரே காலை, ஒரே இடம், ஒரே சம்பவம். பங்குப் பணத்துக்கு ஒப்பந்தம் இருந்தது, ஆட்களுக்கு இருக்கவில்லை. நடுவர்கள் பிழை செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தங்கள் முன் இருந்த ஒப்பந்தத்தைத்தான் அவர்கள் வாசித்தார்கள். ஒப்பந்தம் யாரைக் கண்ணில் வைத்து எழுதப்பட்டதோ அவருக்குத்தான் அது பேசும். ஒரு ஒப்பந்தத்தைப் பற்றிச் செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இதை மீறினால் யார், எங்கே, யாருக்கு எதிராகக் கேட்கலாம்?

அந்தக் குடும்பங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது என்று நீங்கள் சொல்லக்கூடும். இருந்ததுதான். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையில், நாங்கள் பேச்சுவழக்கில் ஐ.சி.சி.பி.ஆர். என்று சொல்வதில், இலங்கை 1980 ஜூனில் இணைந்தது. உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கு உட்படாத உரிமை, நீதியான விசாரணை, எல்லாம் அதில் உண்டு. 1997 ஒக்டோபரில் அதன் விருப்பத்தேர்வு நெறிமுறையிலும் இலங்கை சேர்ந்தது. உள்நாட்டில் எல்லா நீதிமன்றமும் ஏறி இறங்கிப் பயன் கிடைக்காதவர் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்கு முறையிடலாம் என்பது அதன் சாரம். அந்த வழியை நம்பிப் போனதுதான் இரண்டாவது மட்டக்களப்பு வழக்கு.

சிங்கராசா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் அதற்குப் பெயர். 1993 ஜூலை 16 விடியற்காலை ஒரு கிராமம் சுற்றிவளைக்கப்பட்டு 150 தமிழ் ஆண்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களைக் கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான சிங்கராசாவின் வழக்கு இது. தனக்குத் தமிழ் மட்டுமே தெரியும், சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் தன் பெருவிரல் அடையாளத்தை வைத்தார்கள், தான் சித்திரவதை செய்யப்பட்டேன் என்பது அவருடைய முறைப்பாடு. கொழும்பு மேல் நீதிமன்றம் 1995இல் 50 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அதற்குப் பிரதான ஆதாரம் அந்த வாக்குமூலம். மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை 35 வருடமாகக் குறைத்தது.

அந்த வாக்குமூலத்தை ஏற்க இடம் கொடுத்த, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுதான் இங்கே முக்கியம். சாதாரண வழக்கில் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படாது. இந்தச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ மேலோ உள்ளவரிடம் கொடுத்தால் ஏற்கப்படும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால் அதை நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததை, உள்ளே இருந்த ஒருவன், சாட்சியே இல்லாமல் நிரூபிக்க வேண்டும்.

ஜெனீவாக் குழு 2004 ஜூலையில் தன் கருத்தை வெளியிட்டது. அந்த நிரூபணப் பாரம் பொருத்தனையின் 14ஆம் உறுப்புரைக்கு முரணானது, அவருக்கு விடுதலையோ மறுவிசாரணையோ நட்டஈடோ போன்ற பரிகாரம் வேண்டும், சட்டத்தின் அந்தப் பிரிவுகளும் திருத்தப்பட வேண்டும் என்றது. அதைக் கொண்டுவந்து உயர் நீதிமன்றத்தில் தண்டனையை மீளப் பார்க்கும்படி கேட்டார்கள். 2006 செப்டெம்பர் 15இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் மனுவைத் தள்ளியது. இலங்கையில் இறைமை மக்களிடம் இருக்கிறது, நீதி அதிகாரம் அரசியலமைப்பு சொல்லும் நீதிமன்றங்கள் ஊடாகவே செயற்படலாம், முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரத்தை வெளியில் உள்ள ஒரு குழுவுக்குக் கொடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை, எனவே 1997இல் நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு அமையாதது என்று தீர்ப்பு. பொருத்தனையைச் சட்டமாக்கும் சட்டம் இயற்றப்படவில்லை என்பதால் அதன் உரிமைகளும் உள்நாட்டில் உரிமைகள் ஆகவில்லை என்றது.

இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து இன்றுவரை விலகவில்லை. அதனால் ஜெனீவாவுக்கு முறையிடும் வழி திறந்துதான் இருக்கிறது. அங்கே வெற்றி பெற்றால் இங்கே நடைமுறைப்படுத்தும் வழிதான் அடைபட்டிருக்கிறது. இதை அந்தக் காலத்தில் பல சட்ட அறிஞர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். இறைமை மக்களுடையது என்றால், அந்த மக்களில் ஒருவனைப் பாதுகாக்க அரசு கொடுத்த வாக்குறுதியை இறைமையின் பெயரால் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது உங்கள் அக்காவின் தொழிற்சாலைக்கு வருகிறேன். ஜி.எஸ்.பி. பிளஸ் என்பது கண்டிப்பாகப் பார்த்தால் ஒப்பந்தமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் சொந்த ஒழுங்குவிதியின்படி தானாகக் கொடுக்கும் தீர்வைச் சலுகை. அதற்கு நிபந்தனை: மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி ஆகியவை தொடர்பான 27 சர்வதேச சமவாயங்களை ஏற்று, உண்மையாகவே நடைமுறைப்படுத்த வேண்டும். ஐ.சி.சி.பி.ஆர். அந்த 27இல் ஒன்று. இலங்கைக்கு 2005இல் சலுகை கிடைத்தது. அடுத்த வருடமே உயர் நீதிமன்றம் "பொருத்தனை உள்நாட்டில் சட்டமில்லை" என்று சொன்னால் பிரசல்ஸில் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதன் விளைவுதான் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். 27 வருடமாகச் சேர்க்காததை ஒரு வணிகச் சலுகை சேர்க்க வைத்தது. ஆனால் முழுவதும் வரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரின் சில உரிமைகள், பிள்ளைகளின் உரிமைகள், அரச சேவைகளை அணுகும் உரிமை என்று கொஞ்சம்தான் வந்தது. மீதியெல்லாம் ஏற்கெனவே எங்கள் சட்டங்களில் இருக்கிறது என்று அரசு சொன்னது. உயர் நீதிமன்றமும் 2008 மார்ச்சில் அப்படியே அபிப்பிராயம் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கவில்லை. விசாரணை செய்து, ஐ.சி.சி.பி.ஆர்., சித்திரவதைக்கு எதிரான சமவாயம், சிறுவர் உரிமைச் சமவாயம் ஆகிய மூன்றையும் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஓகஸ்ட் 15இலிருந்து சலுகையை நிறுத்தியது. 2017 மே 19இல்தான் திரும்பக் கிடைத்தது.

அவசரத்தில் எழுதிய சட்டம் எப்படித் திரும்பிக் கடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பொருத்தனையில் அது சிறுபான்மையினரைப் பாதுகாக்க வைத்த ஏற்பாடு. அந்தப் பிரிவில் பிடிபட்டால் விசேட காரணம் காட்டி மேல் நீதிமன்றத்தில்தான் பிணை கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு ஹசலக பகுதியில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்தியிருந்த சட்டையில் இருந்த கப்பற் சுக்கான் படத்தைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று சொல்லி இதே சட்டத்தின் பேரில் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அந்த மாதங்களில் பெண்கள் எப்படிப் பயந்து வெளியில் போய் வந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பாதுகாக்க வந்த பிரிவு யாரைப் பாதுகாக்க வேண்டுமோ அவர்மேலேயே பாய்ந்தது. ஆகவே "சர்வதேசத்தின் அழுத்தத்தில் சட்டம் வந்தது" என்று கேட்டவுடனே சந்தோசப்படாமல், அதன் வாசகத்தையும் அதைக் கையில் எடுக்கும் பொலிஸ் நிலையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரித் தீர்மானம் எடுத்து, சலுகையை மீளாய்வு செய்யவும் கேட்டது. 2022 மார்ச்சில் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. நிர்வாகத் தடுப்புக்காவல் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது, சட்டத்தரணியைச் சந்திப்பது, நீதவான் தடுப்பு இடத்துக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் எழுத்தில் வந்தது. இவை பயனுள்ள மாற்றங்கள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிங்கராசா வழக்கில் ஜெனீவா குறிப்பிட்டுக் காட்டிய அந்த 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை.

தொழிற்சாலைக்குள் நேரடியாக வந்த மாற்றங்களும் உண்டு. சர்வதேச தொழில் அமைப்பின் 138ஆம் சமவாயத்தின் தொடர்ச்சியாக, வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைப் பழிவாங்குவது நீதியற்ற தொழில் நடைமுறை என்று 1999இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் சேர்த்ததும் அப்படித்தான். அக்காவுக்கு இது சொல்லி வைக்கத் தகுந்த விடயம்: சலுகையைக் காப்பாற்ற வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும்போது, சங்கம் அமைக்கும் சுதந்திரமும் அந்தச் சலுகையின் நிபந்தனைதான்.

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் போனால் வேறொரு வழியைப் பார்க்கலாம். பலநாள் படகுகளில் இருப்பிடத்தைக் காட்டும் வி.எம்.எஸ். கருவி பூட்டியிருக்கும். பிடித்த மீனைப் பதியும் புத்தகம் இருக்கும், ஆழ்கடலுக்குப் போகத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். இவையெல்லாம் இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவின் விதிகளிலிருந்து வந்தவை. ஏட்டில் இருந்ததைப் படகுக்குக் கொண்டுவந்தது சந்தை. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் எச்சரித்தது, 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தது, 2015 ஜனவரியிலிருந்து 2016 ஜூன்வரை எங்கள் மீன் அங்கே போகவில்லை. இடையில் 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டம் 2013இலும் 2015இலும் திருத்தப்பட்டது, தண்டப்பணம் பல மடங்கு ஏறியது. ஒரு படகோட்டி வாழைச்சேனையில் கட்டும் தண்டம் பிரசல்ஸில் தொடங்கிய ஒரு கடிதத்தின் தொடர்ச்சி.

அரசியல் ஒப்பந்தத்துக்கு வந்தால், கிழக்கில் இருப்பவர்கள் 1987 ஜூலை 29 இலங்கை இந்திய உடன்படிக்கையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அதுவும் தானாகச் சட்டமாகவில்லை. அதே வருடம் நவம்பரில் 13ஆவது திருத்தமும் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் வந்தபோதுதான் சட்டமானது. உயர் நீதிமன்றத்தில் ஒன்பது நீதியரசர்கள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நின்று கடந்த திருத்தம் அது. தமிழ் அரச கரும மொழிகளில் ஒன்று என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் இருப்பது அந்த உடன்படிக்கையின் பிள்ளை. ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் பேரில் நீங்கள் போகக்கூடிய மாகாண மேல் நீதிமன்றமும் 13ஆவது திருத்தம் தந்ததுதான்.

வடக்கையும் கிழக்கையும் இணைத்த பகுதிக்கு நடந்ததைப் பாருங்கள். தற்காலிக இணைப்பு, கிழக்கில் 1988 முடிவதற்குள் சர்வசன வாக்கெடுப்பு என்று உடன்படிக்கை சொன்னது. இணைப்பை 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி பிரகடனத்தால் செய்தார். ஆயுதக் களைவு பற்றி மாகாண சபைகள் சட்டம் போட்ட நிபந்தனை நிறைவேறவில்லை. அதைச் சுற்றிப்போக அவசரகால ஒழுங்குவிதியால் சட்டத்தின் பிரிவை மாற்றினார்கள். வாக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு கிழக்கைச் சேர்ந்த மூவர் வழக்குப் போட்டார்கள். 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது. சிங்கராசா தீர்ப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பிரதம நீதியரசரும் அதே சரத் என். சில்வாதான். 2007 ஜனவரியிலிருந்து கிழக்கு தனி மாகாணம். இணைப்பு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் எங்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள், அந்த விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. சட்டக் கண்ணால் பார்த்தால், உடன்படிக்கையில் இருந்தும் ஒழுங்கான சட்டமாக உள்ளே வராத பகுதி நிலைக்கவில்லை, திருத்தமாக வந்த பகுதி நின்றது.

சர்வதேச நாணய நிதியத்தின் 2023 மார்ச் ஏற்பாட்டையும் பலர் கேட்பார்கள். அது வழக்கமான பொருளில் நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தமில்லை, கடன் நிபந்தனை. இருந்தாலும் மத்திய வங்கிச் சட்டம், ஊழலுக்கு எதிரான சட்டம், பொதுநிதி முகாமைத்துவச் சட்டம் எல்லாம் அதன் பிறகு வேகமாக வந்தன. பணத் தவணை காத்திருந்தால் பாராளுமன்றம் எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இவ்வளவும் சொன்னதால், சட்டமாகாத ஒப்பந்தம் வெறும் கடதாசி என்று நினைத்துவிட வேண்டாம். நீதியரசர்கள் மனம் வைத்தால் அது உயிர்பெறும். 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற்று வழக்கில், விவசாயிகளின் நிலத்தை ஒரு பன்னாட்டுக் கம்பனிக்கு 30 வருடம் கொடுக்கவிருந்த உடன்பாட்டை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. நீதியரசர் அமரசிங்க, சுற்றாடல் பற்றிய ஸ்ரொக்ஹோம், ரியோ பிரகடனங்களை எடுத்துக் கையாண்டார். அவை ஒப்பந்தங்கள்கூட இல்லை, பிரகடனங்கள். அதே வருடம் வீரவன்ச வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, தடுத்துவைக்கப்பட்டவரை நீதிபதி முன் கொண்டுவரும் உரிமையை விளக்க ஐ.சி.சி.பி.ஆர்.ஐத் துணைக்கு எடுத்தார். அப்போது 2007ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை வாசிக்கும்போது ஒப்பந்தத்தின் வெளிச்சத்தில் வாசிக்கலாம் என்ற அந்த வழி இன்றும் மூடப்படவில்லை.

ஒரே ஒரு தடை பெரியது. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அந்த அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டம் எதுவும் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றது. அப்படியிருந்தும் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் திருமண வயதையும், விவாக வழக்குகளைக் கேட்கும் காதி நீதிபதிகளாகப் பெண்களை நியமிப்பதையும் பற்றி எங்கள் கரையோர முஸ்லிம் பெண்கள் இவ்வளவு காலம் போராட வேண்டியிருப்பதற்கு இந்த உறுப்புரையும் ஒரு காரணம். மறுபக்கம், கல்லோயா குடியேற்றங்களில் உள்ளவர்களுக்குத் தெரிந்த, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி விடயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வாரிசுரிமையில் ஆண்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. மேலே சொன்ன பெண்களுக்கான சமவாயத்தின் குழு சுட்டிக்காட்டிய விடயம் அது. 2022இல் அதைத் திருத்தினார்கள். யாரும் சலுகையை நிறுத்துவதாக மிரட்டாமலே வந்த மாற்றம், ஆனால் எத்தனை பெண் பிள்ளைகள் காணியை இழந்த பிறகு!

இனி நடைமுறை. தங்கச்சி, உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ இப்படி ஒரு தேவை வந்தால், முதலில் அந்த ஒப்பந்தத்துக்கு உள்நாட்டுச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரவதைக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் உண்டு. குற்றம் நிரூபணமானால் ஏழு வருடத்துக்குக் குறையாத சிறை. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 2, 4, 5, 6ஆம் பிரிவுகளில் உள்ள உரிமையை அரச அதிகாரி மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே போகலாம், அதற்கு மூன்று மாத அவகாசம். கொழும்புக்குப் போக வேண்டியதில்லை என்பதால் எங்கள் பகுதி ஆட்களுக்கு இது பெரிய வசதி, ஆனால் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்படுகிறது.

சட்டம் இல்லாத ஒப்பந்தம் என்றால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டு, சமத்துவம், கைது, சித்திரவதை பற்றிய உறுப்புரைகளை விளக்க அந்த ஒப்பந்தத்தைத் துணைக்கு வைக்கலாம். அதற்கு அவகாசம் ஒரு மாதம்தான். பணமும் பயணமும் யோசித்து அந்த மாதம் ஓடிவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் காரியாலயம் இருக்கிறது. கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையும், பதிவு இலக்கமும் திகதியும் எழுதிய பற்றுச்சீட்டையும் வாங்காமல் வர வேண்டாம்.

அக்காவின் விடயத்தில், வேலையால் நிறுத்தினாலோ சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தொல்லை கொடுத்தாலோ ஜி.எஸ்.பி. பிளஸ் பேரில் வழக்கு இல்லை. அதற்குத் தொழில் திணைக்களமும் தொழில் நியாய சபையும் இருக்கின்றன. நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதி இலக்கம் மூன்றையும் இப்போதே வீட்டில் ஓரிடத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு அவற்றோடு போகலாம்.